நிறுவன டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொந்த டொமைனில் மின்னஞ்சல் தொடங்கி வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியலும் அனுப்பியாகிவிட்டது. அதுவோ அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. அந்த மின்னஞ்சல் உங்கள் நிறுவனத்திலிருந்துதான் வந்தது என்று சரிபார்க்க அவருடைய மின்னஞ்சல் சேவைக்கு வழியில்லாமல் போனதே பல நேரங்களில் காரணம். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று டிஎன்எஸ் பதிவுகள் அந்த வழியை ஏற்படுத்துகின்றன. டிஎன்எஸ் என்பது உங்கள் டொமைனைப் பற்றிய விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பதிவேடு. எஸ்பிஎஃப் அனுமதி பெற்ற சர்வர்களின் பட்டியல்; டிகிம் மின்னஞ்சலில் இடும் கையொப்பம்; இந்தச் சோதனைகளில் தேறாததை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சல்களுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும். யாஹூ அதே காலத்திலும், அவுட்லுக் 2025 மே மாதத்திலும் இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தன.

பதிவுகளை எழுதுவது சில நிமிட வேலைதான். வரிசை தவறும்போதுதான் சிக்கல் வருகிறது. யார் யார் அனுப்புகிறார்கள் என்று பார்க்காமலே முதல் நாளில் டிமார்க்கை இறுக்கிவிட்டு, சம்பளச் சீட்டு யாருக்கும் போகவில்லை என்று பத்து நாள் கழித்துத் தேடுகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ஒரு குறிப்பு: பதிவுகளில் வரும் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டிஎன்எஸ் பக்கத்தில் அவை ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். மதிப்புகளைக் கையால் தட்டச்சு செய்யாமல், உங்கள் சேவையின் நிர்வாகப் பக்கத்திலிருந்து அப்படியே நகலெடுங்கள்.

உதாரணத்துக்கு, திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களின் மின்னஞ்சல் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. இணையதளம் சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கில் ஓடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மாதம் ஒருமுறை புதிய மாதிரிகளின் செய்திமடல், தனியாக ஒரு சேவை வழியாகப் போகிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று கணக்குகளின் கடவுச்சொற்கள் வேண்டும்: டொமைன் வாங்கிய இடம், டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் இடம், மின்னஞ்சல் சேவையின் நிர்வாகி கணக்கு. முதல் இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம். சிறு நிறுவனங்களில் இணையதளம் செய்து கொடுத்தவரே டொமைனையும் தன் கணக்கில் வாங்கி வைத்திருப்பது வழக்கம். வேலையைத் தொடங்கும் முன்பே அதை நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் ஒரு பதிவைத் திருத்த வேண்டி வரும்போது அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் உங்கள் மின்னஞ்சல் அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து, இப்போதிருக்கும் டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தையும் ஒரு கோப்பில் சேமியுங்கள். தவறு நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் ஆதாரம்.

மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பாக, நீங்கள் திருத்தப்போகும் பதிவுகளின் டிடிஎல் மதிப்பை 300 ஆகக் குறைத்துவிடுங்கள். இது நொடிக்கணக்கு. பழைய பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதை இந்த எண் தீர்மானிக்கிறது. சிபேனலில் இது பெரும்பாலும் 14400, அதாவது நான்கு மணி நேரம். பிழையைத் திருத்திய பிறகும் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

2. உங்கள் பெயரில் அனுப்புகிறவர்களைப் பட்டியலிடுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். பின்னால் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இங்கே விட்டுப்போன ஒரு பெயரால் வருகிறது.

ஊழியர்களின் மின்னஞ்சல் மட்டுமே உங்கள் டொமைனில் போகிறது என்று நினைக்காதீர்கள். இணையதளத்தின் ‘தொடர்பு கொள்ள’ படிவம் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேரடியாக அனுப்புகிறது. சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், விலைப்பட்டியல் அனுப்பும் கணக்கு மென்பொருள், செய்திமடல் சேவை, வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்யும் சேவை ஆகியவையும் உண்டு. அலுவலக மூலையில் நிற்கும் ஸ்கேனர்கூட ஸ்கேன் செய்த தாளை உங்கள் முகவரியில்தான் அனுப்பும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரங்களை எழுதுங்கள்: அனுப்புநர் முகவரி எது, எந்த சேவை வழியாகப் போகிறது, அதன் அமைப்பை மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள், டிகிம் படியில் அந்த ஆளைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கும்.

விவரங்களைக் கணக்குப் பிரிவிலும் மனிதவளப் பிரிவிலும் நேரில் கேளுங்கள். ‘கடந்த மாதம் வெளியே போன தானியங்கி மின்னஞ்சல் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரியை எனக்கு அனுப்புங்கள்’ என்று கேட்டால், யாருக்கும் நினைவில் இல்லாத ஒன்றிரண்டு சேவைகள் வெளியே வரும்.

கணக்கு மென்பொருள் உங்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்து, கூகுள் சர்வர் வழியாகவே அனுப்பினால் அதற்குத் தனி ஏற்பாடு தேவையில்லை. ஊழியர் மின்னஞ்சலோடு சேர்ந்துவிடும். தன் சொந்த சர்வரிலிருந்து உங்கள் பெயரில் அனுப்பினால் அது தனிக் கணக்கு.

3. டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள்

டொமைன் வாங்கிய இடத்தில் டிஎன்எஸ் பக்கம் ஒன்று இருக்கும். அங்கே பதிவைச் சேர்த்தால் சேமிக்கவும் செய்யும். ஆனால் உங்கள் நேம்சர்வர்கள் (டொமைனின் பதிவுகளை எங்கே படிக்க வேண்டும் என்று சொல்பவை) ஹோஸ்டிங் நிறுவனத்தையோ, கிளவுட்ஃபிளேர் போன்ற டிஎன்எஸ் சேவையையோ சுட்டினால், அந்தப் பக்கத்தை உலகில் யாரும் படிப்பதில்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு ‘பதிவு வேலை செய்யவில்லை’ என்று சொல்கிறவர்கள் பலரும் செய்வது இந்தத் தவறைத்தான்.

டொமைன் கணக்கில் நேம்சர்வர் பகுதியைத் திறந்து, அங்கே எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். அவை எந்த நிறுவனத்தைக் காட்டுகின்றனவோ அங்கேதான் இனி எல்லா மாற்றமும்.

4. எஸ்பிஎஃப்: ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு பதிவு

உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்ற பட்டியலே எஸ்பிஎஃப். இது டெக்ஸ்ட் வகைப் பதிவு. சில பக்கங்களில் எஸ்பிஎஃப் என்றே ஒரு வகை தெரியும். அது வழக்கொழிந்தது, டெக்ஸ்ட் வகையைத் தேர்ந்தெடுங்கள். பெயர்க் கட்டத்தில் ‘@’ குறியை இடுங்கள். சில பக்கங்களில் அதைக் காலியாக விட வேண்டும்.

புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முன், ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சிபேனல் தானாகவே ஓர் எஸ்பிஎஃப் பதிவை உருவாக்கி வைத்திருப்பது வழக்கம். நம் திருப்பூர் நிறுவனத்தில் அது இருக்க, கூகுள் சொன்ன பதிவை இரண்டாவதாகச் சேர்த்தால் கூடுதல் பாதுகாப்பு கிடைக்காது; பெறும் சர்வர் இரண்டையும் ஒதுக்கி, நிரந்தரப் பிழை என்று முடிவு செய்யும். இரண்டையும் ஒரே பதிவாக இணைக்க வேண்டும்.

பதிவின் அமைப்பு எளிது. தொடக்கத்தில் ‘வி=எஸ்பிஎஃப்1’ என்ற பதிப்புக் குறி. நடுவில், ஒவ்வொரு சேவைக்கும் ‘இன்க்லூட்’ என்ற சொல்லும் அந்தச் சேவை தந்த பெயரும். ஹோஸ்டிங் சர்வரும் அனுப்பினால் ‘ஐபி4’ என்ற சொல்லும் அதன் எண் முகவரியும். கடைசியில் ‘ஆல்’ என்ற சொல். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. ‘வி=எஸ்பிஎஃப்1’ முதலில் ஒருமுறைதான் வரும். இரண்டு பதிவுகளை இணைக்கும்போது அதை நடுவிலும் ஒட்டிவிடுவதும், ‘ஆல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு இன்க்லூடை எழுதுவதும் அடிக்கடி காணும் தவறுகள். ‘ஆல்’ என்பதற்குப் பின்னால் வருவதை யாரும் படிப்பதில்லை.

அந்த ‘ஆல்’ என்பதற்கு முன்னால் இடும் குறி முக்கியம். ‘~’ இட்டால், பட்டியலில் இல்லாத சர்வரைச் சந்தேகத்துடன் பார்க்கச் சொல்கிறீர்கள். ‘-’ இட்டால் தோல்வி என்றே அறிவிக்கிறீர்கள். ‘+’ இட்டால் உலகில் உள்ள எந்தச் சர்வரும் உங்கள் பெயரில் அனுப்பலாம்; அதை ஒருபோதும் இடாதீர்கள். முதலில் ‘~’ போதும். இறுக்கும் வேலையை டிமார்க் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது பத்து என்ற வரம்பு. உங்கள் பதிவைச் சரிபார்க்க மேற்கொண்டு செய்ய வேண்டிய டிஎன்எஸ் தேடல்கள் பத்துக்கு மேல் போனால் முழுப் பதிவும் பிழையாகும். இன்க்லூட், ஏ (டொமைனின் சர்வர் முகவரி), எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மின்னஞ்சலைப் பெறும் சர்வர்) ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு தேடல். ஒரு இன்க்லூடுக்குள் இருக்கும் வேறு இன்க்லூட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும். ஐபி முகவரியை நேரடியாக எழுதினால் கணக்கில் வராது. ஆகவே, சேவைகள் ‘எங்கள் இன்க்லூடைச் சேருங்கள்’ என்று கேட்கும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். பல செய்திமடல் சேவைகள் மின்னஞ்சலின் திரும்பும் முகவரியில் (போய்ச் சேராத மின்னஞ்சல் திரும்பி வரும் முகவரி) தங்கள் டொமைனையே வைக்கின்றன. எஸ்பிஎஃப் சோதிப்பது அந்தத் திரும்பும் முகவரியின் டொமைனைத்தான். வாடிக்கையாளர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியை அல்ல. அப்படிப்பட்ட சேவைக்கு உங்கள் எஸ்பிஎஃப்பில் இடம் கொடுத்தால் பத்தில் ஒன்று வீணாகும்.

ஜோஹோ மெயில் பயன்படுத்துகிறவர்கள், இணையத்தில் எங்கோ பார்த்த மதிப்பை எடுத்து இடாமல் தங்கள் நிர்வாகப் பக்கம் காட்டுவதை மட்டும் எடுங்கள். கணக்கு இந்தியத் தரவு மையத்தில் இருக்கிறதா, வேறு நாட்டிலா என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும்.

5. டிகிம்: ஒவ்வொரு சேவைக்கும் தனிச் சாவி

எஸ்பிஎஃப்புக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. உங்கள் வாடிக்கையாளர் தன் அலுவலக மின்னஞ்சலை வேறொரு பெட்டிக்குத் தானாகத் திருப்பிவிட்டிருந்தால், கடைசியில் அதைக் கொண்டுசேர்ப்பது உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு சர்வர். எஸ்பிஎஃப் அங்கே தோற்கும். டிகிம் என்பது அனுப்பும் சேவை மின்னஞ்சலில் இடும் கையொப்பம்; அதைச் சரிபார்க்கும் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். அந்தக் கையொப்பம் மின்னஞ்சலுக்குள்ளேயே இருப்பதால், வழியில் உள்ளடக்கத்தை யாரும் மாற்றாத வரை தாக்குப்பிடிக்கும். இரண்டில் எதற்கு அதிக நேரம் செலவிடலாம் என்று கேட்டால், தயங்காமல் டிகிம் என்பேன்.

கூகுள் வொர்க்ஸ்பேஸில் நிர்வாகப் பக்கத்தில் ஜிமெயில் பகுதிக்குள் மின்னஞ்சல் அங்கீகாரம் என்ற இடத்தில் சாவியை உருவாக்கலாம். புதிதாகத் தொடங்கிய கணக்கு என்றால் 24 முதல் 72 மணி நேரம் வரை காத்திருக்க நேரிடலாம். சாவியின் நீளம் 2048 பிட் என்று தேர்ந்தெடுங்கள். அது ஒரு பெயரையும் ஒரு நீண்ட மதிப்பையும் தரும். பெயரின் முதல் பகுதி செலக்டர், அதாவது எந்தச் சாவி என்று காட்டும் பெயர். கூகுளில் அது வழக்கமாக ‘கூகுள்’ என்ற சொல்லே. அதன் பின் ஒரு புள்ளி, பிறகு அடிக்கோட்டுடன் தொடங்கும் ‘டொமைன்கீ’ என்ற சொல்.

பெயர்க் கட்டத்தில் இந்த இரண்டு பகுதிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான பக்கங்கள் உங்கள் டொமைனைத் தாமே பின்னால் சேர்த்துக்கொள்ளும். நீங்களும் எழுதினால் டொமைன் பெயர் இரண்டு முறை வந்து, பதிவு யாரும் தேடாத முகவரியில் போய் உட்காரும்.

டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டு 255 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. 2048 பிட் சாவி அதைவிட நீளம். பல பக்கங்கள் தாமாகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். சில மட்டும் எச்சரிக்கையின்றி நடுவில் வெட்டிவிடும். சேமித்த பிறகு மதிப்பின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். இந்தச் சாவிகள் ஏறக்குறைய எப்போதும் ஐ, டி, ஏ, கியூ, ஏ, பி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளில் முடியும். அவை இல்லையென்றால் சாவி பாதியில் அறுந்திருக்கிறது. அப்போது மதிப்பை இரண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனி இரட்டை மேற்கோளில் இடுங்கள். அதையும் ஏற்காவிட்டால் 1024 பிட் சாவிக்கு இறங்கலாம்.

பதிவு இட்டதும் வேலை முடிந்துவிடவில்லை. நிர்வாகப் பக்கத்துக்குத் திரும்பிப் போய், அங்கீகாரத்தைத் தொடங்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அதுவரை கூகுள் உங்கள் சாவியால் கையொப்பமிடாது.

மைக்ரோசாஃப்ட் 365 சிநேம் எனப்படும், வேறொரு பெயரைச் சுட்டும் பதிவுகள் இரண்டைக் கேட்கும், இரண்டும் தேவை. செய்திமடல் சேவைகள் பலவும் சிநேம் முறையையே பின்பற்றுகின்றன. கிளவுட்ஃபிளேரில் இவற்றைச் சேர்க்கும்போது ஆரஞ்சு நிற மேகத்தை அழுத்திச் சாம்பல் நிறமாக்குங்கள். இல்லாவிட்டால் உங்கள் சிநேமுக்குப் பதில் கிளவுட்ஃபிளேரின் சொந்த முகவரிதான் வெளியே தெரியும்.

இரண்டாம் படியின் பட்டியலை எடுத்துக்கொண்டு, தனியாக அனுப்பும் ஒவ்வொரு சேவைக்கும் இதைச் செய்யுங்கள். செலக்டர் பெயர்கள் வெவ்வேறாக இருப்பதால் எத்தனை சாவிகள் இருந்தாலும் மோதாது.

6. ஒரு மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொரு சேவையிலிருந்தும் ஒரு தனிப்பட்ட ஜிமெயில் முகவரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் மூலத்தைக் காட்டும் தேர்வை அழுத்தினால் மேலே ஒரு சிறு அட்டவணை வரும். எஸ்பிஎஃப், டிகிம் வரிசைகளில் ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும்.

டிகிம் வரிசையில் ‘பாஸ்’ என்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பக்கத்தில் எந்த டொமைன் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சாவியை இயக்காதபோதும் கூகுள் தன் சொந்த ‘ஜிஆப்ஸ்எஸ்எம்டிபி’ டொமைனால் கையொப்பமிட்டு அனுப்பும். மைக்ரோசாஃப்ட்டில் அது ‘ஆன்மைக்ரோசாஃப்ட்’ என்று முடியும். இரண்டுமே ‘பாஸ்’ காட்டும், இரண்டுமே உங்கள் டொமைனுக்கு உதவாது. அங்கே உங்கள் டொமைன் பெயர் தெரியும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இணையதளப் படிவத்தைத் தனியாகச் சோதியுங்கள். படிவத்தை நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநராக வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவர் யாஹூ முகவரி கொடுத்திருந்தால், யாஹூவின் கடுமையான டிமார்க் கொள்கையால் அந்த விசாரணை உங்களை வந்து சேராது. அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியை வையுங்கள். வாடிக்கையாளர் முகவரியைப் பதில் அனுப்பும் முகவரியாக வையுங்கள். படிவத்தை ஹோஸ்டிங் சர்வரிலிருந்து அனுப்பாமல் உங்கள் மின்னஞ்சல் கணக்கு வழியாகவே அனுப்பும்படி செய்துவிட்டால் எஸ்பிஎஃப்பில் ஒரு வரியும் மிச்சமாகும்.

சிபேனலில் மின்னஞ்சல் வழியமைப்பு ‘உள்ளூர்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால், படிவத்திலிருந்து உங்கள் முகவரிக்கு வருபவை கூகுளுக்குப் போகாமல் ஹோஸ்டிங் சர்வரில் யாரும் திறக்காத பெட்டியில் விழுந்துகொண்டிருக்கும். ‘தொலைவு’ என்று மாற்றுங்கள்.

7. டிமார்க்: முதலில் கவனிக்க மட்டும்

எஸ்பிஎஃப்பும் டிகிமும் இயங்கத் தொடங்கி 48 மணி நேரமாவது ஆன பிறகே டிமார்க். இதுவும் டெக்ஸ்ட் பதிவுதான். பெயர்க் கட்டத்தில் அடிக்கோட்டுடன் ‘டிமார்க்’ என்ற சொல். அந்த அடிக்கோட்டை விட்டால் பதிவு இல்லாததற்குச் சமம். மதிப்பில் முதலில் ‘வி=டிமார்க்1’, பிறகு ‘பி=நன்’, பிறகு ‘ஆர்யுஏ=மெயில்டு’ என்பதும் ஒரு முக்காற்புள்ளியும் அறிக்கை வர வேண்டிய முகவரியும். பகுதிகளுக்கு நடுவே அரைப்புள்ளி.

‘பி=நன்’ என்றால், தோற்கும் மின்னஞ்சலை எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு என்று பொருள். அறிக்கை முகவரி இல்லாமல் இதை இட்டால் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அறிக்கைகளுக்குத் தனி முகவரி வையுங்கள். தினமும் பல வந்து குவியும். அந்த முகவரி வேறொரு டொமைனில் இருந்தால், அந்த டொமைனிலும் உங்கள் அறிக்கைகளைப் பெறச் சம்மதம் தெரிவிக்கும் ஒரு பதிவு வேண்டும். இல்லையென்றால் ஒன்றும் வராது.

8. அறிக்கைகளைப் படிப்பது

சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்புகளாக வரும். நேரடியாகப் படிப்பது கண்ணுக்கு வேதனை. இவற்றை அட்டவணையாக்கித் தரும் சேவைகளில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வரியிலும் அனுப்பிய சர்வரின் ஐபி முகவரி, எத்தனை மின்னஞ்சல், எஸ்பிஎஃப், டிகிம் முடிவுகள் இருக்கும்.

இங்கேதான் புதியவர்கள் குழம்புகிறார்கள். எஸ்பிஎஃப் ‘பாஸ்’ என்று இருக்கிறது, டிமார்க் தோற்றிருக்கிறது, எப்படி? டிமார்க்குக்குத் தேர்ச்சி மட்டும் போதாது. தேர்ச்சி பெற்ற டொமைன், வாடிக்கையாளர் காணும் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்தவும் வேண்டும். நம் செய்திமடல் சேவையின் திரும்பும் முகவரி அதன் சொந்த டொமைனில் இருக்கிறது. எஸ்பிஎஃப் அந்த டொமைனுக்குத் தேர்ச்சி தரும். உங்களுக்கு அதனால் பயனில்லை. அந்தச் சேவையில் உங்கள் டிகிம் சாவியை அமைத்திருந்தால் அது பொருந்தி டிமார்க் தேறும். இரண்டில் ஒன்று பொருந்தினாலே போதும்.

வரிகளை மூன்றாகப் பிரியுங்கள். உங்கள் சேவை, தேறியிருக்கிறது: விட்டுவிடுங்கள். உங்கள் சேவை, தோற்றிருக்கிறது: நான்காம், ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். உங்களுக்குத் தெரியாத சர்வர்: முதலில் உங்கள் அலுவலகத்தில் விசாரியுங்கள், யாரோ தொடங்கிய சேவையாக இருக்கலாம். எஸ்பிஎஃப் தோற்று, உங்கள் டிகிம் தேறியிருந்தால் அது பெரும்பாலும் திருப்பிவிடப்பட்ட மின்னஞ்சல், கவலை வேண்டாம். யாருக்கும் தெரியாத, எதிலும் தேறாத சர்வர்களே உங்கள் பெயரைத் திருடுகிறவர்கள்.

ஒரு முழு மாதச் சுற்றாவது இந்த நிலையில் இருங்கள். சம்பளச் சீட்டும் மாத முடிவுக் கணக்கும் மாதம் ஒருமுறைதான் போகின்றன. ஒரு வார அறிக்கை சுத்தமாக இருக்கிறது என்று நம்பி இறுக்கினால், முதல் தேதியன்று சிக்குவது அவைதான்.

9. இறுக்குவது

உங்கள் சேவைகள் எல்லாம் தேறுகின்றன என்று அறிக்கைகள் காட்டியதும் ‘பி=க்வாரன்டைன்’ என்று மாற்றுங்கள். தோற்பவை ஸ்பேமுக்குப் போகும்; தவறு இருந்தாலும் தேடி எடுக்க முடியும். இன்னொரு மாதச் சுற்று பாருங்கள். புகார் எதுவும் இல்லையென்றால் ‘பி=ரிஜெக்ட்’. இதன்பின் உங்கள் டொமைனைப் போலியாக இடும் மின்னஞ்சலை, டிமார்க்கை மதிக்கும் சேவைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

ஊழியர்கள் மின்னஞ்சல் குழுக்களில் எழுதுகிறவர்களாக இருந்தால் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். குழு அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்த்தாலே டிகிம் உடையும். அந்தக் குழு அனுப்புநர் முகவரியை மாற்றி அனுப்புகிறதா என்று பார்த்துவிட்டு ரிஜெக்டுக்குப் போங்கள்.

ஏற்றுமதி நிறுவனங்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, பணத்தைப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று வாடிக்கையாளருக்குப் போகும் மோசடி மின்னஞ்சல், உங்கள் டொமைனிலிருந்து வந்தால் டிமார்க் தடுக்கும். ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வாங்கிய வேறு டொமைனிலிருந்து வந்தால் தடுக்காது. கணக்கு மாற்றத்தைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

10. மற்ற டொமைன்களும் பின்வரும் மாற்றங்களும்

வாங்கி வைத்து மின்னஞ்சலுக்குப் பயன்படுத்தாத டொமைன்கள் இருந்தால், இன்றே அவற்றில் இரண்டு பதிவுகளை இடுங்கள்: பதிப்புக் குறியும் ‘-ஆல்’ என்பதும் மட்டும் உள்ள எஸ்பிஎஃப், ‘பி=ரிஜெக்ட்’ உள்ள டிமார்க். அங்கிருந்து நீங்கள் எதுவும் அனுப்பாததால் காத்திருக்கத் தேவையில்லை.

புதிய சேவை ஒன்றைச் சேர்க்கும்போது, முதல் மின்னஞ்சல் போகும் முன்பே அதன் டிகிம் பதிவை இட்டு ஆறாம் படிச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு சேவையை நிறுத்தினால் அதன் இன்க்லூடையும் சிநேமையும் அன்றே நீக்குங்கள். விட்டுவைத்த இன்க்லூட், அந்தச் சேவையின் சர்வர்களுக்கு உங்கள் பெயரில் அனுப்பும் அனுமதியைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கும். மாற்றங்கள் எல்லாம் ஓய்ந்ததும், முதல் படியில் 300 ஆகக் குறைத்த டிடிஎல்லை 3600க்கு உயர்த்திவிடலாம்.